சாவிக்காக ஒரு ஜெபம்

"முதல் நாளே வேலைக்கு லேட்டா போனா மானம் போயிடும்மா! ஸ்கூட்டர் சாவியப் பார்த்தியா?"

மகள் வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவும் சோபா மெத்தையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"பஸ்ல போயேன்டி. லாரி பறக்கிற ரோடு, நினைச்சாலே பயமா இருக்கு."

"கர்த்தர் பார்த்துப்பார்னு நீதானே சொல்லுவ? ஜெபம் பண்ணு, கிடைச்சிடும்." பைபிளை அம்மா கையில் திணித்துவிட்டு, மகள் கண்ணை மூடி முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, சாவி எங்க இருக்குன்னு உமக்குத் தெரியும்..."

அம்மா ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

ஆமென் சொல்லக் காத்திருந்த மகளின் கையில் சில்லென்று சாவி விழுந்தது.

"எங்கேம்மா இருந்துச்சு?"

பைபிள் உறையின் ஜிப் திறந்து கிடந்தது.

"நான்தான்டி ஒளிச்சு வச்சேன், பயத்துல," என்றாள் அம்மா, தலை நிமிராமல். "நீ கிளம்பு. நான் இனிமேதான் நிஜமா ஜெபம் பண்ணணும்."