நூல் பிடிச்ச சட்டம்

பெல்ட்டுக்கு வார் வெட்டத் தோதாக, ஜபருல்லா தன் கையாலேயே ஒரு சாதனம் செய்தார். பலகையின் இரு முனையிலும் ஆணியடித்து ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தினார். அடியில் தோலைச் செருகி, சட்டத்தை ஒட்டி பிளேடை இழுத்தால் வார் வந்துவிடும்.

முதல் வாரை வெட்டியதுமே பிளேடு சட்டத்திடம் சொன்னது: "அண்ணே, நடுவுல ஒரு நூல் அளவு உள்வாங்கியிருக்கீங்க."

"வெட்டுன வாரை என்னோட ஒட்டிவச்சுப் பாரு, தெரியும்" என்றது சட்டம்.

ஜபருல்லா ஒட்டிவைத்துப் பார்த்தார். மயிரிழை இடைவெளிகூட இல்லை. அன்றிலிருந்து எல்லா வாரையும் அப்படியேதான் சரிபார்த்தார்.

பிளேடுக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் சட்டத்தோடு சேர்ந்து வளையாமல், தன்போக்கில் நேராக ஓடியது.

அந்த வாரை ஒட்டிவைத்தபோது நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"கோணிப்போச்சே சனியன்" என்று ஜபருல்லா வாரைக் கழிவுக் கூடையில் எறிந்தார். பிளேடை இரண்டாக ஒடித்து அதன்மேல் போட்டார்.

புது பிளேடு வந்தது.

"தம்பி, நான் நேரா இருக்கேனா?" என்று சட்டம் கேட்டது.

புது பிளேடு கூடையை எட்டிப் பார்த்தது. ஒடிந்த துண்டுகளில் இன்னும் கூர் மழுங்கவில்லை.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கீங்க, அண்ணே."