எழுநூற்றுப் பன்னிரண்டு வாக்குகள்

கனடாவின் மில்லிக்கனில் கல்விச் சபைத் தேர்தலில் நின்ற ஹெலன் அருள்நாயகம், தமிழரை மணந்து தமிழ் பேசப் பழகிய வெள்ளைக்காரப் பெண், தோற்றுப்போனார். அவருக்காக ஒரு மாதம் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்த ஏஞ்சலா, ஆறுதல் சொல்ல மறுநாள் அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த ஹெலன் ஒரு துண்டு கேக்கை அவள் வாயில் ஊட்டினார்.

“அக்கா, நாங்கள் தோத்துப் போட்டமெல்லோ?”

“ஓம். எண்டாலும் எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் எனக்குப் போட்டிருக்கினம்!”

“வெண்டவருக்கு நாலாயிரம், அக்கா.”

ஹெலனின் கணவர் மரியோ அருள்நாயகம் சிரித்தார். “ஏஞ்சலா, இவ அமெரிக்காவில பெரிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அப்பப்பா கவர்னர், அப்பா செனட்டர். அவை கட்டிக் குடுத்த ஆஸ்பத்திரி, நூலகம் எல்லாத்திலயும் அந்தக் குடும்பப் பேர்தான் கிடக்கு.”

ஏஞ்சலா திகைத்துப்போனாள். “அந்தப் பேரில நிண்டிருந்தா வெண்டிருப்பீங்களே, அக்கா! ஏன் மரியோ அண்ணையின்ர பேரில நிண்டனீங்கள்?”

“எங்கட வீட்டில எல்லாரும் அந்தப் பேராலதான் வெண்டவை,” என்றார் ஹெலன். அவருடைய நீலக் கண்கள் மின்னின. “தனக்கெண்டு எத்தினை வோட் விழுந்ததெண்டு அவையில ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.”