சரக்கு ரயிலில் போன அத்தை

ஒரு மைனாவுக்குப் பெரிய குடும்பம். குஞ்சும் குளுவானுமாகப் பதினோரு பேர். கோடை வந்ததும் எல்லோரும் கடல் பார்க்கக் கிளம்பினார்கள். பறந்தால் மதியத்துக்குள் போய்விடலாம். சரக்கு ரயிலின் மேல் உட்கார்ந்து போனால் சாயங்காலம் ஆகிவிடும்.

"எல்லாரும் ரயில்லயே போவோமே தம்பி, எனக்குத்தான் இறக்கை சரியில்லையே," என்றது மைனாவின் அக்கா.

"அரை நாள் வீணாப் போகுமேக்கா! நீ ரயில்ல வந்துடு. நாங்க முன்னால போய் நல்ல மரமா இடம் பிடிச்சு வைக்கிறோம்."

அக்கா தனியாகச் சரக்கு ரயிலில் ஏறிக்கொண்டது.

பறந்தவர்கள் வேகத்தில் வழியில் எதையும் பார்க்கவில்லை. கடற்கரையில் இறங்கியதும் குஞ்சுகள் அசந்து தூங்கிவிட்டன. சாயங்காலம்தான் அக்கா வந்து சேர்ந்தது.

"வழியில ஒரு குளம், தம்பி. பூராவும் தாமரை. ஒரு யானை குளிச்சுக்கிட்டிருந்துச்சு. 'பாருங்க பிள்ளைகளா'ன்னு திரும்பினேன். பக்கத்துல ஒருத்தரும் இல்லை," என்று சொல்லிச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு மைனாவை என்னவோ செய்தது. ஊர் திரும்பும்போது எல்லோரையும் சரக்கு ரயிலிலேயே ஏற்றியது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குஞ்சுகள் அத்தையின் இறக்கைக்குள் ஒடுங்கிக்கொண்டு, "குளம் எங்கே அத்தை?" என்று நச்சரித்தன.

"அதோ, அங்கேதான்," என்று அக்கா அலகை நீட்டிக் காட்டியது.

எல்லாரையும்விட அதிக நேரம் உற்றுப் பார்த்தது மைனாதான். மழைதான் தெரிந்தது.