டேப்பின் மறுமுனை

நாளைக்கு வங்கியில் விசாரணை. மதிப்பீட்டாளர் உரிமம் போவது நிச்சயம், ஜெயில்கூட வரலாம் என்றார்கள். அதற்குமுன் பத்திரத்திலுள்ள மனையை ஒருதரம் சரியாக அளந்துவிடலாமென்று மரியசூசை டேப்போடு வந்திருந்தார். அன்று வங்கியில் கடன் கேட்டவன் தன்னுடையதென்று கைகாட்டிய வீட்டையே அளந்து விலை போட்டுவிட்டார். பத்திரத்தின் நான்கெல்லையை ஒத்துப் பார்க்கவில்லை. பத்திரத்தில் இருந்ததோ பக்கத்திலிருந்த, முள் மண்டிய காலிமனை. கடன்காரன் ஓடிவிட்டான். வங்கியின் ஜப்தி நோட்டீஸ் அவர் அளந்த வீட்டின் கதவில் ஒட்டியிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரி செண்பகவல்லி வந்தாள். ஓடிவிட நினைத்தார்; அதற்குள் அவள் கிட்டே வந்துவிட்டாள்.

"அளக்க வந்த சாருதானே? நல்லவேளை வந்தீங்க! வீட்டுவரிக்குன்னு சொல்லித்தானே அன்னைக்கு அளந்தீங்க? பேங்குல அதை மட்டும் சொல்லிருங்க சார்."

அன்றுபோலவே அவள் குனிந்து டேப்பின் முனையை எடுத்துக்கொண்டு, முள்ளை மிதித்தபடி மனையின் மறுகோடிக்குப் போனாள். சுருட்டிக்கொண்டு போய்விடலாமென்று அவர் மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"நல்லா இறுக்கிப் பிடிச்சிருக்கேன் சார்," என்றாள் அவள். "அளங்க."