கணுக்கால் கயிறு

"பல்லு தந்தியடிக்கிற வரைக்கும் பயமில்லை அக்கா. நடுக்கம் நிண்டிட்டா மட்டும் என்னை இழுத்துக்கொண்டுபோய்க் காருக்குள்ள போடுங்கோ. நான் என்ன சொன்னாலும் கேக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கஜீபன் அலைப்பலகையோடு கடலில் இறங்கினான். நோர்வேயின் வடகோடியில், பனி மூடிய கரையில், துஷ்யந்தி சுடுதண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். தடித்த ரப்பர் உடுப்போடு தம்பி பலகைமேல் எழுவதும், கவிழ்ந்து கறுப்புத் தண்ணீருக்குள் மறைவதுமாக இருந்தான். ஒவ்வொரு முறை கரைக்கு வந்தபோதும் அவனுடைய பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகே அவளுக்கு மூச்சு வந்தது. இம்முறை ஒரு பெரிய அலை அவனைப் புரட்டிக் கொண்டுவந்து கற்கள்மேல் போட்டது. எழுந்தான். தாடியில் பனிக்கட்டி தொங்கியது. சிரித்தான். "குளிரவே இல்லை அக்கா. தண்ணி நல்ல இளஞ்சூடு." கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டு மறுபடி கடலை நோக்கி நடந்தான். கணுக்காலில் கட்டிய கயிற்றில் பலகை அவனுக்குப் பின்னால் இழுபட்டுப் போனது. துஷ்யந்தி போத்தலைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பலகைமேல் விழுந்து படுத்தாள். கயிறு விறைத்து நின்றது. "விடுங்கோ அக்கா" என்றான். அவ்வளவு அன்பாக அவன் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. பிறகு பொறுமையாகக் குனிந்து, கணுக்கால் கயிற்றின் முடிச்சைத் தடவித் தேடினான். அந்த வெறும் விரல்களில் துளி நடுக்கமும் இல்லை.