ஆளில்லாத பை

"ஏம்மா, இந்த ஊர்ல திருட்டுப் பயம் உண்டா?"

அறைச் சாவியைக் கையில் வாங்கும் முன்பே வந்தவர் கேட்ட கேள்வி இது. லாட்ஜ்கார அம்மாவுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. எல்லா அறைகளும் காலியாகக் கிடக்க, இவர்தான் வயிற்றில் பால் வார்த்திருந்தார்.

"ஊர் எப்படின்னு பாக்கத்தான் வந்தேன். சரிப்பட்டா, சீசன் முழுக்க எங்க ஆளுங்க இங்கதான். எல்லா ரூமும் எங்களுக்கே!"

"நீங்களே சுத்திப் பாருங்க தம்பி. இங்க கேமரா கிடையாது. போலீஸும் எப்பவாவது டீ குடிக்கத்தான் வரும்."

"போலீஸே இல்லையா?" அவர் கண்கள் விரிந்தன. ஐயோ, உளறிக் கொட்டிவிட்டோமே என்று அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாலையில் திரும்பியவர் நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார்.

"கடற்கரை பெஞ்சுல என் பையை வேணும்னே விட்டுட்டு, தள்ளி நின்னு பாத்தேம்மா. ஐஸ்காரர் வண்டியை நிறுத்திட்டுப் பை பக்கத்துலயே உக்காந்துட்டாரு!"

"அது இந்த ஊர் வழக்கம் தம்பி. ஆளில்லாத பையைப் பாத்தவங்க, சொந்தக்காரர் வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

"ஐஸ் உருகுதுன்னு அவரை அனுப்பிட்டு, பலூன் விக்கிற அம்மா வந்து உக்காந்துச்சு. நான் போய்ப் பையைக் கேட்டா, 'உள்ள என்ன இருக்கு, சொல்லு'ன்னு மடக்கிடுச்சு!"

"அவளா! பெத்த பிள்ளையையே நம்ப மாட்டா."

"சந்தையில ஒரு வெளியூர் அம்மாவோட கைப்பை திறந்திருந்துச்சு. என் கண்ணுல படறதுக்குள்ள, 'ஜிப்பைப் போடும்மா'ன்னு கடைக்குக் கடை சத்தம் போடறாங்க. இப்படியொரு ஊரை நான் பாத்ததே இல்லம்மா!" குரலில் பொய் இல்லை, பிரமித்துத்தான் போயிருந்தார்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப எல்லா ரூமையும் ஒதுக்கிடவா தம்பி?"

"வேணாம்மா. லீவுக்கு ஒரு ரூம் போதும். பொண்டாட்டி பிள்ளைங்களோட வரேன்."

சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஊரை அந்தப் புகழ் புகழ்ந்துவிட்டு இப்படிக் கையை விரிக்கிறாரே! அவர் நாற்காலியில் விட்டுப்போன குடையைப் பார்த்தாள். வழக்கத்தை விட முடியுமா? எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவர் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, நம்ம பசங்க ஒருத்தனையும் இங்க அனுப்பாதீங்க. இந்த ஊர்ல ஒரு பர்ஸ்கூட அடிக்க முடியாது. ஆனா லீவுக்கு அண்ணியோட நீங்களும் வாங்க. இருக்கற நகையெல்லாம் போட்டுட்டே வரச் சொல்லுங்க!"