மோட்டார் ரூம் சாவி

வீட்டுக்காரம்மா வந்து சேர்ந்தபோது உடைந்த வாளி முற்றத்தில் அப்படியே கிடந்தது. யாரும் தொடக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். சாட்சி வேண்டுமே.

காலையில் மாடி லாரிக்காரன் வீசிய வாளி அது. என் தலைக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

இத்தனை குடித்தனத்துக்கும் பொதுவான தொட்டித் தண்ணீரை மொத்தமாக ரப்பர் குழாயில் இழுத்து லாரியைக் குளிப்பாட்டிவிட்டு, பெரிய துரை மாதிரி அவன் பாட்டுக்கு மாடி ஏறினான். மனுஷர்கள் குளிக்க வேண்டாமா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். மேலே போனவன் வாளியால் பதில் சொன்னான்.

இவனுக்கு இதே வழக்கம். தண்ணீரைப் பற்றி எவர் வாயைத் திறந்தாலும் அடிக்க வருவான்.

இன்று அவனைக் காலி பண்ண வைத்தே தீருவது என்று வீடு வீடாகப் போய் எல்லோரையும் முற்றத்தில் கூட்டியிருந்தேன்.

மாடிப்படியில் அவன் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் துணிமூட்டை இரண்டு தயாராக இருந்தது. முன்பிருந்த வீட்டிலும் இப்படித்தான் துரத்தினார்களாம். அடுத்து எங்கே போவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் முடியுமா? இன்றைக்கு வாளி, நாளைக்கு அம்மிக்குழவி.

நான் சொன்னால் வீட்டுக்காரம்மா கேட்பார். எனக்கு இந்த வீட்டில் தனி மரியாதை உண்டு. வெளிக் கேட்டின் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

குடிவந்த புதிதில், கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறவர்களைத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டுவேன். பால்காரர்கூடத் தப்பியதில்லை. என் அக்கறையைப் பார்த்துத்தான் ஒருநாள் வீட்டுக்காரம்மா சாவியை என் கையில் வைத்து, "இதை உங்களை விட்டா யாரு பாத்துக்க முடியும்?" என்றார். இப்போது எல்லோரும் என்னிடம் தன்மையாகக் கேட்கிறார்கள். நானும் தன்மையாகத் திறந்துவிடுகிறேன்.

வீட்டுக்காரம்மா குள்ளமான உருவம். உரக்கப் பேசினாலும் சுவரைத் தாண்டாத குரல். வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேரே படியேறினார்.

லாரிக்காரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"தாகமா இருக்குப்பா. ஒரு டம்ளர் தண்ணி கொடேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. உள்ளே போனான். குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. வெறும் காற்றுதான் வந்தது. குடத்தின் மூடியைத் திறந்து மூடும் சத்தமும் கேட்டது. வெறும் டம்ளரோடு வாசலில் வந்து நின்றான்.

குழந்தையின் பாட்டிலில் கொஞ்சம் இருப்பதாக அவன் மனைவி முணுமுணுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரம்மா தன் பையிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதை! கத்துவதற்காக வாயைத் திறந்தேன்.

"இதை உன்னை விட்டா யாரு பாத்துக்க முடியும்?" என்றார் வீட்டுக்காரம்மா.

திறந்த வாய் அப்படியே நின்றது.

லாரிக்காரன் சாவியைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவன் வீட்டுத் தண்ணீர் மட்டும் இல்லை, எல்லார் வீட்டுத் தண்ணீரும் இனி அவன் கையில். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படியிறங்கி வந்தான். வழியில் கிடந்த வாளியை அவனே எடுத்தான். மோட்டார் ரூமைத் திறந்து சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க வீட்டுல வருதான்னு பாத்துச் சொல்றீங்களா?" என்றான்.

அவனுக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. ஒரு அதட்டல் இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. இந்த அம்மா செய்ததை என் கண்ணாலேயே பார்த்தேன், நம்பத்தான் முடியவில்லை.

பக்கத்தில் நின்ற தையல்காரர் மெல்லச் சிரித்தார். எங்கள் எல்லோருக்கும் பொதுவான குப்பைத்தொட்டி அவர் பொறுப்பு. குடிவந்த புதிதில் வெட்டுத்துணியையெல்லாம் ஜன்னல் வழியாகத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

"எங்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க" என்றார்.

சொல்லிவிட்டு என் இடுப்புச் சாவியைப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள். ஒருவர் ஆகாயத்தைப் பார்த்தார், ஒருவர் செருப்பைப் பார்த்தார். என்னை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அப்படியானால், என்னைக் காலி பண்ணச் சொல்லி இதே முற்றத்தில் ஒருநாள் இவர்கள் கூடி நின்றிருக்கிறார்கள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தக் குள்ளமான உருவத்தைப் பார்க்கப் பார்க்க மலைப்புதான் வந்தது.

அவர் வாசல்வரை போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் எனக்காகக் காத்து நின்றார்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு போய், சத்தம் வராமல் திறந்துவிட்டேன்.